ஏரி நிறைந்திருக்கிறது, பறவை ஏன் வரவில்லை?

கேள்வி இது: "தாம்பரத்துக்குக் கிழக்கே, எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓர் ஏரி. நாலு வருஷத்துக்கு முன்னால் தூர் வாரி, கரையை உயர்த்தி, உட்புறம் கல் பதித்து, சுற்றிலும் நடைபாதை போட்டார்கள். சாக்கடை கலக்கிறது என்று வரத்துக்கால்வாயையும் அடைத்துவிட்டார்கள். இப்போது கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் முன்பு வந்த நாரையும் உள்ளானும் வருவதில்லை. மீன் என்றால் ஜிலேபிக் கெண்டை மட்டும்தான். தண்ணீர் இருந்தால் உயிர்கள் வரும் என்றுதானே நினைத்தோம்? ஆற்றோடு தொடர்பு இருந்தால்தான் பல்லுயிர் பெருகுமா?"

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது தெரியுமா? தினமும் காலையில் நடைபாதையைச் சுற்றுகிறவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தாலே அதிகம். மதகு எல்லோர் கண்ணிலும் படும். கலங்கல் கரையின் ஒரு கோடியில், முள் மண்டிய இடத்தில், தாழ்ந்த கல்கட்டாகக் கிடக்கும். ஏரி நிறைந்து மிஞ்சிய தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். உங்கள் கேள்விக்கான பதிலை நான் அந்தக் கல்கட்டின் மேல் உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.

ஆற்றோடு தொடர்பு இருந்தால் பல்லுயிர் பெருகுமா என்றால், ஒரே சொல்லில் ஆமாம் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. தொடர்பு எந்த மாதத்தில் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எப்போது அறுந்துபோகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓர் ஈரநிலத்தில் யார் யார் பிழைப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. எப்போதும் அறுந்தே கிடந்தாலும் கேடு, எப்போதும் இணைந்தே கிடந்தாலும் ஒருவகைக் கேடு.

'எங்கள் பக்கம் ஆறே கிடையாதே' என்று நீங்கள் கேட்கலாம். வடக்கே கொசஸ்தலையாறு, நடுவில் கூவம், கொஞ்சம் தெற்கே அடையாறு. அதற்கும் தெற்கே பாலாறு வரும்வரை பேர் சொல்லும்படி ஆறு இல்லைதான். ஆனால் உங்கள் பக்கத்து ஏரிகளை மேலேயிருந்து பாருங்கள். ஒன்றின் மிகைநீர் அடுத்ததற்கு, அதன் மிகைநீர் அதற்கடுத்ததற்கு என்று படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் விழும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். படிக்கட்டாக மடித்து வைத்த ஆறு என்றே இதைச் சொல்லலாம். மழைக்காலத்தில் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் மெல்லப் புல்வெளிமேல் ஏறிப் பரவும் அல்லவா? ஆற்றோரத்து வெள்ளச் சமவெளி செய்கிற வேலையை நம் ஊரில் அந்தப் பகுதிதான் செய்கிறது. பள்ளிக்கரணையை அந்தக் காலத்தில் கழுவெளி என்றார்கள். வெள்ளம் வந்தால் வெளியெல்லாம் தண்ணீர், போனால் வெளியெல்லாம் புல்.

நான் பொன்னேரிப் பக்கத்துக்காரன். ஆந்திர மலைகளில் புறப்பட்டு ஊத்துக்கோட்டை வழியாக வரும் ஆரணியாறு எங்கள் ஊரைத் தொட்டுப் பழவேற்காடு ஏரிக்குப் போகும். சின்ன வயதில் ஐப்பசிக்காக நாங்கள் காத்திருந்தது பட்டாசுக்காக மட்டும் இல்லை. முதல் வெள்ளம் வந்து ஏரி நிறைந்து கலங்கல் வழியும் சத்தம் ராத்திரி வீட்டுக்குள் கேட்கும். "மீன் ஏறுதுடா" என்று பெரியப்பா அரிக்கேன் விளக்கைத் தூக்குவார். கலங்கலுக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில், கெண்டையும் கெளுத்தியும் குறவையும் தண்ணீர் வரும் திசையை எதிர்த்து முட்டிக்கொண்டு நிற்கும். பறிக்கூடை வைத்தால் விடிவதற்குள் நிறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் வயிறு நிறையச் சினை. சினைமீனைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே என் பாட்டி குழம்பு வைப்பாள். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

அந்த மீன்கள் ஏன் ஏறின என்பது விலங்கியல் படித்த பிறகுதான் விளங்கியது. ஆற்றில் ஓடும் தண்ணீர் கலங்கியும் வேகமாகவும் இருக்கும். அதில் குஞ்சுக்கு உணவு கிடையாது. புதிதாக நனைந்த புல்வெளியும் வயலும் வேறு மாதிரி. காய்ந்து கிடந்த மண் நனைந்த உடனே அதில் பூட்டி வைத்திருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரில் கரைகின்றன. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த மிகச் சின்ன உயிர்களின் முட்டைகள் சில நாளில் பொரிகின்றன. தண்ணீர் நின்று, தெளிந்து, சூடேறி, ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிர்கள் கூழாகப் பெருகும். கெண்டை புல் தாளில் முட்டை ஒட்டிவிட்டுப் போகிறது. ஒன்றிரண்டு நாளில் பொரியும் குஞ்சு அந்தக் கூழில் கண் விழிக்கிறது. பெரிய மீன்கள் அந்த அரையடித் தண்ணீருக்குள் வர முடியாது. தண்ணீர் இறங்கும்போது, ஒரு விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகள் ஏரிக்குள்ளோ ஆற்றுக்குள்ளோ திரும்புகின்றன.

ஜங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'வெள்ளத் துடிப்பு' என்று சொல்லலாம். ஆற்றின் வளம் முழுவதும் மலையிலிருந்து அடித்து வருவதில்லை, வருஷா வருஷம் வெள்ளம் பக்கவாட்டில் விரிந்து சுருங்குவதில்தான் பெரும்பங்கு விளைகிறது என்பது அவர்கள் வாதம். அமேசானில் வெள்ளம் பத்து மீட்டர் வரை ஏறிக் காட்டுக்குள் புகும். மீன்கள் மரத்தடியில் நீந்தி உதிரும் பழத்தைத் தின்னும். நம் வெள்ளம் அவ்வளவு பெரியதில்லை, கணக்கு ஒன்றுதான். அவர்கள் சொன்னதில் எனக்கு மிகப் பிடித்தது 'நகரும் கரை' என்ற எண்ணம். தண்ணீரும் நிலமும் தொடுகிற விளிம்பு ஒரே இடத்தில் நிற்காமல் மாதா மாதம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உணவு விளைவது அந்த விளிம்பில். உங்கள் ஏரியில் உட்புறம் கல் பதித்துச் செங்குத்தாகக் கரை எழுப்பிவிட்டார்கள். தண்ணீர் ஓரடி ஏறினாலும் இறங்கினாலும் விளிம்பு அதே கல்லில்தான் நிற்கும்.

ஜிலேபிக் கெண்டை மட்டும் ஏன் மிஞ்சியது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. அதற்கு வெள்ளம் வேண்டாம், புல் வேண்டாம், ஏற வேண்டிய கலங்கலும் வேண்டாம். ஆண் மீன் சேற்றில் குழி பறிக்கும். பெண் மீன் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு குஞ்சு பொரியும்வரை காக்கும். மூடிய தொட்டியிலும் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் ஆற்றின் துடிப்பு தேவை. துடிப்பை நிறுத்திவிட்டால், அது தேவைப்படாதவர் மட்டும் குடித்தனம் நடத்துவார்.

இன்னொரு கோடியில் விலாங்கு. அது பிறப்பது நடுக்கடலில். கண்ணாடி போன்ற குஞ்சாக முகத்துவாரத்துக்கு வந்து, ஆறேறி, வாய்க்காலேறி, ஏரிக்குள் புகுந்து பல வருஷம் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். உள்நாட்டு ஏரி ஒன்றில் விலாங்கு அகப்பட்டால், அது ஏறி வந்த காலத்தில் அங்கிருந்து கடல்வரை ஒரு கண்ணிகூட அறவில்லை என்று அர்த்தம். உங்கள் பக்கத்துப் பழைய மீன்காரர்கள் யாரையாவது பார்த்தால், கடைசியாக விலாங்கு எப்போது அகப்பட்டது என்று கேளுங்கள். அவர் சொல்லும் வருஷத்தை வைத்து உங்கள் சங்கிலி ஏறக்குறைய எப்போது அறுந்தது என்று ஊகிக்கலாம்.

மீன்களின் கதையை மட்டும் சொன்னால் 'எல்லாவற்றையும் திறந்து இணைத்துவிடு' என்றே முடிவுக்கு வருவோம். தவளையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

மீன் நுழைகிற குட்டையில் தலைப்பிரட்டை பிழைப்பது கஷ்டம். கெளுத்தியும் குறவையும் அள்ளித் தின்றுவிடும். அதனால்தான் பல தவளைகள் ஏரியை விட்டுவிட்டு, மழையில் நிரம்பி இரண்டு மாதத்தில் வற்றும் பள்ளத்தில் முட்டையிடுகின்றன. ஆற்றோடு தொடர்பே இல்லாத, யாரும் பெயர் வைக்காத குட்டைதான் அவற்றுக்குப் பிரசவ அறை. சில தட்டான்களும், வெயிலில் காய்ந்த முட்டையிலிருந்து பிறக்கும் சிறு இறாலினங்களும் இந்தக் கூட்டணி. ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றங்கரையில், வியன்னாவுக்குக் கீழே, 1990களில் இதை முறையாக அளந்து பார்த்தார்கள். ஆற்றோடு நன்றாக இணைந்த கிளைகளில் மீன் வகை அதிகம். அறுந்து தனித்த குட்டைகளில் தவளை வகை அதிகம். நத்தை, தட்டான், நீர்ச்செடிகள் இரண்டுக்கும் நடுவில், எப்போதாவது இணையும் இடங்களில் செழித்தன. ஆக 'பல்லுயிர் அதிகம் உள்ள இடம் எது' என்ற கேள்விக்கு, எந்த உயிரை எண்ணுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மொத்த வகைகளையும் சேர்த்துக் கூட்டினால் ஜெயிப்பது எந்த ஒரு குட்டையும் இல்லை. பல தரத்தில் இணைந்தும் அறுந்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற பத்துக் குட்டைகள்தான் ஜெயிக்கும். 1870களில் வியன்னாவில் அந்த ஆற்றை வெட்டி நேராக்கி, பக்கக் கிளைகளைக் கல்லால் அடைத்திருந்தார்கள். கீழ்ப்பகுதியை 1996இல் தேசியப் பூங்கா ஆக்கிய காலத்திலிருந்து சில கிளைகளின் வாயைத் தாழ்த்தித் திறந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

தென்னமெரிக்காவின் பரானா ஆற்றில் வேலை செய்தவர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். வெள்ளத்தின்போது எல்லா ஏரிகளும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. ஒரே தண்ணீர், ஒரே மீன், ஒரே மிதவையுயிர். வெள்ளம் வடிந்து தனித்தனியான பிறகு ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறுகிறது. ஒன்றில் நீர்ச்செடி, ஒன்றில் பாசி, ஒன்றில் இரைகொல்லி மீன் ஆட்சி. அடுத்த வெள்ளம் மறுபடி கலந்துவிடும். சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவது போல. கலைக்காமலே ஆடினாலும் ஆட்டம் செத்துப்போகும், கலைத்துக்கொண்டே இருந்தாலும் ஆட்டம் நடக்காது.

இப்போது கலங்கலுக்குத் திரும்புவோம். ஐப்பசி கார்த்திகையில் சில வாரம் வழியும், தை வந்தால் நிற்கும், பங்குனியில் ஏரி பாதியாகும், வைகாசியில் நடுவே மட்டும் சேறு. ஏரியைக் கட்டியவர்கள் பாசனத்தைத்தான் நினைத்தார்கள், தவளையை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வருஷத்தில் சில நாள் இணைந்து, மிச்ச நாள் பிரிந்திருக்கும் ஓர் ஏற்பாட்டை அவர்கள் ஒரு கல்கட்டின் உயரத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்த உயரத்தை ஓரடி கூட்டினால் ஏரியில் தண்ணீர் கூடும் என்று பொறியாளர் சொல்வார், சரிதான். வழியும் நாள் குறையும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இணைப்பு அறுந்தாலும் தாங்குகிற உயிர்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. விரால், குறவை, தேளி இவற்றுக்கெல்லாம் செவுளோடு காற்றை நேராக உறிஞ்சும் உறுப்பும் உண்டு. பாலாமையைப் போல விராலும் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடக்கும். பனையேறிக் கெண்டை இன்னும் ஒரு படி மேல். மழை ஈரத்தில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலால் தள்ளி, ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியே நடந்து போகும். வாய்க்கால் இல்லாவிட்டாலும் தானே தொடர்பை உண்டாக்கிக்கொள்ளும் மீன். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, பனைமரத்தின்மேல் ஒன்றைப் பிடித்ததாக எழுதியனுப்ப, 1797இல் அது லண்டனில் வெளியானது. பனை ஏறியதா, பறவை கவ்விப் போட்டதா என்று அதன்பின் எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். மரம் ஏறுவதை நான் நம்பவில்லை. ஆனால் செங்குத்தான கல் பதித்த கரையை அதனால் ஏற முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது, கோடையிலும் தண்ணீர் நிற்கிறது என்ற உங்கள் சந்தோஷம். இதைக் குறை சொன்னால் குடியிருப்போர் சங்கத்தில் என்மேல் கோபப்படுவார்கள். நிலத்தடி நீருக்கு அது நல்லதுதான். ஆனால் நாரையின் இடத்திலிருந்து பாருங்கள். நெடுங்கால் உள்ளானுக்கு அரையடிக்கும் குறைந்த தண்ணீர் வேண்டும்; சின்ன உள்ளான்களுக்கு ஈரச் சேறே போதும், தண்ணீர்கூட வேண்டாம். சங்குவளை நாரை முழங்காலளவுத் தண்ணீரில் அலகைத் திறந்து வைத்துத் துழாவும். கூழைக்கடா, நீர்க்காகம் போன்றவற்றுக்குத்தான் ஆழம் பிடிக்கும். தண்ணீர் வற்றும்போது மீன்களெல்லாம் சின்ன மடுவுக்குள் நெருக்கப்படும். குஞ்சுக்கு இரை தேடும் நாரைக்கு அதுதான் கல்யாணப் பந்தி. சேறு வெளியே தெரிந்தால்தான் கோரையும் நீர்ப்புல்லும் விதை முளைக்கும். உங்கள் ஏரியில் வருஷம் முழுவதும் பத்தடி ஆழம், கரையிலிருந்து கைநீட்டும் தூரத்திலேயே கழுத்தளவு. உள்ளான் எங்கே நிற்கும், நடைபாதையிலா?

இதே தவற்றைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் மணிப்பூரின் லோக்டாக் ஏரி. நீர்மின் திட்டத்துக்காக 1983இல் இத்தாய் தடுப்பணையைக் கட்டி ஏரியின் மட்டத்தை வருஷம் முழுவதும் உயர்த்தியே வைத்தார்கள். பர்மியப் பக்கத்து ஆறுகளிலிருந்து மணிப்பூர் ஆறு வழியாக ஏறி வந்துகொண்டிருந்த மீன்கள் அதோடு நின்றன. அங்கே 'பும்டி' என்று மிதக்கும் புல்திட்டுகள் உண்டு. கோடையில் தண்ணீர் இறங்கும்போது அவை தரையைத் தொட்டு, வேர் மண்ணில் சத்து உறிஞ்சித் தடித்து, மழையில் மறுபடி மிதக்கும். மட்டம் இறங்காததால் அவை தரையைத் தொடுவதே இல்லை. வருஷா வருஷம் மெலிந்தன. அந்தத் திட்டின்மேல் வாழும் சங்காய் மானுக்குக் காலடியிலேயே நிலம் தேய்ந்தது. தண்ணீர் போதாமல் வந்த கேடு இல்லை இது.

வடசென்னையில் நடந்திருப்பது நேர்மாறு. கொசஸ்தலையாற்றில் 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. அதற்கும் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் தண்ணீரைச் சோழவரத்துக்குத் திருப்புகிறோம். அங்கிருந்து புழல், அங்கிருந்து நம் குழாய். நகரம் குடிக்க வேண்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பூண்டிக்குக் கீழே ஆறு மிகைநீர் திறந்தால் மட்டும் ஓடுகிற ஆறாகிவிட்டது. போதாததற்கு மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துபோனது. படுகை தாழ்ந்தால் முன்பு பக்கத்து ஏரிக்குப் பாய்ந்த அதே அளவு வெள்ளம் இப்போது கரைக்குள்ளேயே அடங்கி ஓடிவிடும். அணையே கட்டாமல் பக்கவாட்டுத் தொடர்பை அறுக்க வேண்டுமா, மணல் லாரி போதும். கீழே நிலத்தடியிலும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆறு மண்ணுக்குள் இறக்கும் நல்ல தண்ணீர்தான் கடல்நீரைத் தள்ளி நிறுத்தியது. அது குறைந்து, ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சியதும், மீஞ்சூர்ப் பக்கம் உப்புநீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

முகத்துவாரம் இன்னொரு கதவு. பழவேற்காட்டில் மடவை, கொடுவா, இறால் எல்லாம் கடலுக்கும் ஏரிக்கும் போக்குவரத்து நடத்துபவை. மேலேயிருந்து ஆற்று வெள்ளம் வேகமாக வந்து மணல் திட்டை உடைத்தால்தான் வாய் திறந்திருக்கும். ஆறு மெலிந்தால் கடல் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். ஏரி உப்பேறும், அல்லது வெறும் சேறாகும். பாடு முறை வைத்து, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்று தலைமுறைகளாகப் பங்கிட்டுக்கொண்ட மீனவர்கள் பங்கிடுவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டி வந்தது.

தொடர்பு எப்போதும் நல்லதைத்தான் கொண்டுவரும் என்று நினைத்தால் எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் வந்தது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுப்பு. மீனை ஏற்றிவிடும் அதே வழிதான் எண்ணெயையும் இறக்குகிறது. 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்லும் தென்னமெரிக்க மட்டியும் அப்படித்தான். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் சேற்றுப் படுகைமேல் பாய் விரித்ததுபோல் பரவி, நம் மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்கிறது. அதனால் உங்கள் வரத்துக்கால்வாயை அடைத்தவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். சாக்கடையை நிறுத்தத் தெரியாத ஊரில், அவர்கள் கையில் இருந்த ஒரே வழி அதுதான். ஆனால் நோய் சாக்கடையில்; வெட்டுப்பட்டது வாய்க்கால்.

மழைநீர் வடிகால் போட்டாயிற்றே, அதுவும் இணைப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. கான்கிரீட் பெட்டிக்குள் தண்ணீர் அம்புபோல் ஓடும். மீன் நின்று மூச்சு வாங்க ஒரு கல், ஒரு வேர், ஒரு வளைவு கிடையாது. முடிகிற இடத்தில் நாலடி குதிக்கிற பள்ளம். தண்ணீர் மட்டும் கீழே போகும், உயிர் மேலே வராது. மிகைநீர் போகும் பழைய போக்குக்கால் வளைந்து நெளிந்து, நாணல் மண்டி, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

பறவைகளுக்குக் கால்வாய் வேண்டாம், இறக்கை இருக்கிறது. ஆனால் அவையும் ஒற்றை ஏரியை நம்பி வாழ்வதில்லை. வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைக்கு அந்தத் தண்ணீரில் இரை ஏது? காலையில் கிளம்பி மதுராந்தகம் பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு, மாலையில் குஞ்சுக்கு ஊட்ட வரும். நத்தைக்குத்தி நாரைக்கு வயல் நத்தை, சங்குவளை நாரைக்கு வற்றும் ஏரியின் கெண்டை. எச்சம் விழுந்த தண்ணீர் உரமென்று ஊர்க்காரர்களே பறவையைக் காத்தார்கள். சுட வந்தவர்களைத் தடுக்கச் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கௌல் என்னும் எழுத்து உறுதிமொழி வாங்கினார்கள். பறவை தின்பது பத்து ஊர் ஏரியில், எச்சமிடுவது ஒரே ஏரியில். சுற்று ஏரிகள் நிரம்பாத வருஷத்தில் வேடந்தாங்கல் மரங்கள் காலியாகவே நிற்கும். பறவை இரையைத் தவிர வேறு சரக்கும் சுமக்கிறது. டார்வின் வாத்தின் காலைத் தொட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, நத்தைக் குஞ்சுகள் அதில் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். உங்கள் ஏரிக்கு நாரை வராவிட்டால் நத்தையும் நீர்ச்செடி விதையும் வரும் ஒரு வழியும் அடைபடுகிறது.

உங்கள் ஏரிக்கு என்ன செய்யலாம்? அடைத்த வரத்துக்காலை அப்படியே திறக்கச் சொல்லாதீர்கள். சாக்கடை இணைப்புகள் நிற்கும்வரை அது வேண்டாம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைப் பக்கவழியாக வெளியேற்றிவிட்டு, பிறகு வரும் தண்ணீரை மட்டும் உள்ளே விடும் ஒரு தடுப்புப் பலகையும், உள்ளே நுழையும் இடத்தில் கோரையும் நாணலும் வளர்ந்த ஒரு சின்னப் பள்ளமும் கேளுங்கள். செலவு நடைபாதை விளக்குகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நாலு பக்கமும் கல் வேண்டாம். நீர்ப்பிடிப்புப் பக்கம் ஒரு பக்கமாவது கல்லைப் பெயர்த்து, மண்ணைச் சரிவாகத் தள்ளி, நூறடி தூரத்துக்குத் தண்ணீர் மெல்ல ஏறி இறங்க விடுங்கள். அந்தப் பக்கம் நடைபாதை கூடாது. நாயும் கைப்பேசியும் இல்லாத கரை வேண்டும் உள்ளானுக்கு. மாசி முடிந்ததும் மதகைக் கொஞ்சம் திறந்து மட்டத்தை இறக்கலாமா என்று நீர்வளத் துறைக்காரரைக் கேளுங்கள். ஒரேயடியாக வற்ற விட வேண்டியதில்லை. நடுவில் விரால் தாங்கும் அளவுக்கு ஒரு மடு இருந்தால் போதும். பல வருஷம் காயாத இடத்தைத் திடீரென்று காயவிட்டு நனைத்தால், சேர்ந்து கிடந்த சருகெல்லாம் ஒரே நேரத்தில் அழுகி, தண்ணீர் தேயிலைச் சாறுபோல் கறுத்து, பிராணவாயு இல்லாமல் மீன் மிதக்கும். ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் நீண்ட வறட்சிக்குப் பிறகு 2010 வெள்ளத்தில் அப்படி நடந்தது. அதனால் முதல் வருஷம் ஓரத்தில் கொஞ்சம், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம்.

ஏரிக்குப் பின்னால் குப்பை கொட்டும் பள்ளம் ஏதாவது இருந்து, அதைச் சமப்படுத்திப் பூங்கா ஆக்கும் பேச்சு வந்தால் தடுத்துவிடுங்கள். குப்பையை மட்டும் அள்ளுங்கள். ஏரியோடு அதை இணைக்கவும் வேண்டாம், அதில் மீன் விடவும் வேண்டாம். அது தவளைகளுக்கு. ஏரியில் யாராவது நன்கொடையாக மீன்குஞ்சு கொண்டுவந்தால், அதிலும் வீட்டுத் தொட்டியில் வளர்ந்து பெருத்த 'டேங்க் கிளீனர்' என்றால், நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கலங்கல் மட்டும் இன்னும் பாக்கி. ஐப்பசியில் ராத்திரி முழுக்க மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, நடைபாதையில் போகாமல், அந்த முள்ளை விலக்கிக் கீழே இறங்கி நில்லுங்கள். தண்ணீர் வழிகிறதா, வழிந்தால் எங்கே போகிறது, போகிற வழியில் எந்த இடத்தில் சுவரோ சாலையோ மறிக்கிறது என்று அடுத்த ஏரிவரை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவது குட்டையில் கெண்டை எதிர்நீச்சல் போட்டால் எண்ணிக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்.